ஹிஹோனா துர்ரோன்: ஊரின் கதை, தொழிலின் நுணுக்கம், வீட்டில் செய்யும் முறை

ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் என்றால் மேசையில் துர்ரோன் இருந்தாக வேண்டும். பாதாம், தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு ஆகிய நான்கே பொருள்களில் செய்யும் பண்டம் இது. பழைய வகைகள் இரண்டு. முழுப் பாதாம் பருப்பு பதிந்து, கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும் வெள்ளைக் கட்டி அலிகாந்தே துர்ரோன். வெட்டும்போதே எண்ணெய் மினுங்கி, வாயில் போட்டதும் கரைந்துபோகும் பழுப்புப் பாளம் ஹிஹோனா துர்ரோன்.

இவை இரண்டும் வேறு வேறு பண்டங்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பாகில் பிறந்தவை. கெட்டித் துர்ரோனை ஆறவைத்து, உடைத்து, அரைத்து, மறுபடி சூடேற்றிக் கிண்டினால் கிடைப்பதுதான் மென்மையான ஹிஹோனா. பாதாம் பொடியில் தேனைக் கலந்து அச்சில் அமுக்கச் சொல்லும் எளிய குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றன. அப்படிச் செய்தால் இனிப்பான பாதாம் விழுது கிடைக்கும், துர்ரோன் கிடைக்காது.

ஊரும் தொழிலும்

ஹிஹோனா, ஸ்பெயினின் கிழக்குக் கரையில் அலிகாந்தே மாகாணத்தில் இருக்கும் மலையடிவார ஊர். அலிகாந்தே நகரிலிருந்து வடக்கே 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தூரம். மக்கள்தொகை ஏறக்குறைய 7,000. சாலைப் பலகைகளில் ஷிஷோனா என்ற வாலென்சிய மொழிப் பெயர்தான் முன்னால் நிற்கும். வரைபடத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம்.

ஊருக்கு மேலே கர்ராஸ்கேத்தா கணவாய் ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. சுற்றிலும் வறண்ட மலைச்சரிவு. நீர்வளம் கேட்கும் பயிர் எதுவும் அங்கே எடுபடாது, ஆனால் பாதாம் மரத்துக்கு அந்த மண் போதும். சரிவுகளைப் படிக்கட்டுபோல வெட்டிப் பாதாம் நட்டார்கள். மலையில் தானாக வளரும் ரோஸ்மேரிப் புதர்களும் கீழே சமவெளியின் ஆரஞ்சுத் தோப்புகளும் தேனீக்களுக்கு மேய்ச்சல். ஆக, பாதாமும் தேனும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. பனியைக் காணாமல் ஏங்கிய வடநாட்டு இளவரசிக்காக அரசன் பாதாம் மரங்களை நட்டான், வெள்ளைப் பூக்களைப் பார்த்து அவள் தேறினாள் என்றொரு கதையும் உண்டு. இதே கதையைப் போர்ச்சுகலின் அல்கார்வேயிலும் சொல்கிறார்கள் என்பதால் அதை அதிகம் நம்ப வேண்டியதில்லை.

தேனும் பாதாமும் சேர்த்துக் கிளறும் வழக்கம் அரபு ஆட்சிக் காலத்தில் வேரூன்றியது என்பதே பரவலான கருத்து. எழுத்துச் சான்று என்று பார்த்தால், 16ஆம் நூற்றாண்டில் இது ஊரறிந்த பண்டமாகிவிட்டது. அலிகாந்தே நகரசபையின் 1582ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று, நினைவுக்கு எட்டாத காலந்தொட்டே கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியைப் பணமாகவும் இன்னொரு பகுதியைத் துர்ரோனாகவும் கொடுத்துவருவதாகச் சொல்கிறது. அளவு ஓர் அரோபா, அதாவது 12 கிலோ சொச்சம். சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்திருக்கிறது.

தொழில் பெருகிய விதம்தான் சுவாரசியம். பாதாம் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். துர்ரோன் அடுப்பு எரிவது அதற்குப் பிறகு டிசம்பர்வரை. மீதி மாதங்களில் என்ன செய்வது? கர்ராஸ்கேத்தா மலையில் பனிக்கிணறுகள் இருந்தன. குளிர்காலப் பனியை அவற்றில் இட்டு அமுக்கி, கோடையில் ஐஸாக வெட்டி விற்பார்கள். அந்த வழியாக ஊர்க்காரர்கள் ஐஸ்கிரீம் தொழிலிலும் இறங்கினார்கள். குளிர்காலத்தில் துர்ரோன், கோடையில் ஐஸ்கிரீம் என்று குடும்பம் குடும்பமாக ஸ்பெயின் முழுக்கப் பரவினார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெரிய நகரங்களில் கட்டடங்களின் வாசல் நடையை வாடகைக்குப் பிடித்து அங்கேயே கடை விரிப்பார்கள். தலைநகர் மத்ரித்தின் பழம்பெரும் துர்ரோன் கடையான காசா மீரா, ஹிஹோனாவிலிருந்து போன லூயிஸ் மீரா 1842இல் தொடங்கியது. ஸ்பெயினில் எந்த ஊர்ப் பழைய ஐஸ்கிரீம் கடையிலும் முதலாளியின் பூர்வீகத்தைக் கேட்டுப் பாருங்கள், ஹிஹோனா என்று பதில் வந்தால் ஆச்சரியமில்லை.

இன்று ‘எல் லோபோ’, ‘1880’ ஆகிய இரண்டு பெயர்பெற்ற துர்ரோன் வணிகப் பெயர்களும் இந்த ஊருடையவை. உலகிலேயே விலை கூடிய துர்ரோன் என்று தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொண்டது இந்த 1880தான்! ஊருக்கு வெளியே தொழிற்சாலையை ஒட்டியே துர்ரோன் அருங்காட்சியகமும் இருக்கிறது. போவதானால் அக்டோபர், நவம்பரில் போக வேண்டும். வேலை உச்சத்தில் இருக்கும் சமயம் அது. கோடையில் போனால் ஓய்ந்துகிடக்கும் இயந்திரங்களைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

தொழிற்சாலையில் நடப்பது

வீட்டு முறைக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு படியும் எதற்கு என்பது விளங்கும்.

முதலில் பாதாமைத் தோல் நீக்கி வறுக்கிறார்கள். அலிகாந்தேக்கு இளம் வறுவல். ஹிஹோனாவுக்கு இன்னும் கொஞ்சம் சிவக்க வேண்டும். துடுப்பு பொருத்திய பெரிய கொப்பரையில் தேனும் சர்க்கரையும் காய்ந்து, நீர் வற்றி, வெள்ளைக்கரு சேர்ந்து வெளுக்கும். பதம் வந்ததும் பாதாமைக் கொட்டி, நீண்ட மரத்துடுப்புகளால் ஆட்கள் கிளறுகிறார்கள். இதை அப்படியே அச்சில் பரப்பி இருபுறமும் உண்ணத்தக்க மெல்லிய மாவுத்தாளை ஒட்டினால் அலிகாந்தே துர்ரோன்.

ஹிஹோனாவாக்க, இந்தக் கலவையை ஆறவிட்டு ஆலையில் அரைக்கிறார்கள். பாதாமிலிருந்து எண்ணெய் கசிந்து, கட்டியாக இருந்தது ஓடும் விழுதாகிறது. அடுத்து வருவது பொயிஷெட். அரைக்கோள வடிவில் ஒரு கொப்பரை, அதன் நடுவே மேலும் கீழுமாக இடிக்கும் ஒரு பெரிய உலக்கை. மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் இடிபட்டு, நெகிழ்ந்த விழுது மெல்ல மெல்லத் திரும்ப இறுகும். எந்த நொடியில் நிறுத்துவது என்பதைத் தலைமைத் துர்ரோன் ஆசாரிதான் முடிவு செய்கிறார். சீக்கிரம் எடுத்தால் எண்ணெய் தனியே பிரிந்து வழியும். தாமதித்தால் வறண்டு பொடிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பக்குவமான முக்கால் கிலோ துர்ரோனுக்கு இந்த அளவு:

தோலுடன் பாதாம் 560 கிராம் (தோல் நீக்கி வறுத்த பின் சுமார் 500 கிராம் தேறும்)
தேன் 160 கிராம்
சர்க்கரை 100 கிராம்
ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சுமார் 30 கிராம்

தண்ணீர், நெய், பால் எதுவும் கிடையாது. இந்தக் கணக்கில் நீர் வற்றிய பிறகு பாதாமின் பங்கு சுமார் 67 சதவீதம் வரும். ஸ்பெயினின் உயர்தரத்துக்கான வரம்பைவிட இது கூடுதல்.

ஹிஹோனாவில் மெச்சுவது மார்கோனா வகைப் பாதாம். உருண்டையாக, எண்ணெய்ச் சத்து நிறைந்திருக்கும். நம்மூர்க் கடைகளில் அது கிடைப்பது அரிது. மம்ரா பாதாம் கிடைத்தால் நல்லது, அதிலும் எண்ணெய் அதிகம். கலிஃபோர்னியா பாதாமிலும் செய்யலாம், ஆனால் அரைக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். பழைய பாதாம் வேண்டவே வேண்டாம். வாங்குமுன் ஒன்றை மென்று பாருங்கள், தொண்டையில் லேசாகக் காறல் அடித்தாலும் அது துர்ரோனில் பத்து மடங்காகத் தெரியும். தேன் வெளிர் நிறமாக, மென்மையான மணத்தோடு இருக்கட்டும். கருந்தேன் பாகில் காய்ந்தால் கசப்பு ஏறும்.

அடி கனமான பாத்திரம், மரக்கரண்டி, மிக்ஸியின் உலர் ஜார், 20 × 10 சென்டிமீட்டர் அச்சு, பேக்கிங் தாள் ஆகியவை போதும். சமையல் வெப்பமானி இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

படி 1: தோல் நீக்கி உலர்த்துதல்

கொதிநீரில் பாதாமை ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்நீரில் கொட்டுங்கள். விரலால் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். பிறகு துணியில் பரப்பி இரவு முழுக்க விடுங்கள், அல்லது அவனில் (பேக்கிங் அடுப்பில்) 100 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பலரும் அவசரப்படும் இடம் இது. உள்ளே ஈரம் இருந்தால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் எண்ணெய் விடாது.

படி 2: வறுத்தல்

அவனை 150 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரே அடுக்காகப் பரப்பி 20 முதல் 25 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மேல்நிறத்தை நம்பாதீர்கள். ஒரு பருப்பை இரண்டாக உடைத்து உள்ளே பாருங்கள்: நடுப்பகுதி வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். அடுப்பில் வாணலியில் வறுப்பதானால் சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும்.

வறுத்ததில் 50 கிராமைத் தனியே எடுத்துக் கொரகொரப்பாக நறுக்கி வையுங்கள். மீதியை 100 டிகிரி அவனில் சூடாகவே வைத்திருங்கள். பாகில் ஆறிய பாதாமைக் கொட்டினால் பாகு அந்த நொடியே இறுகி, கிளற விடாது.

படி 3: பாகு

தேனைச் சிறுதீயில் வையுங்கள். நுரைத்து எழும், பத்து நிமிடத்தில் நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகும். சர்க்கரையைச் சேர்த்துக் கரையும்வரை கிளறுங்கள். வெப்பமானி 120 டிகிரி காட்டும்போது அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, இரண்டு தவணையாகச் சேர்த்து வேகமாகக் கலக்குங்கள். பொன்னிறப் பாகு பொங்கி வெளுக்கும். இறக்காமல் அடுப்பிலேயே ஊற்றினால் முட்டை திரிதிரியாக வெந்துபோகும்.

இப்போது மறுபடி அடுப்பில், இருப்பதிலேயே குறைந்த தீயில். வெள்ளைக்கருவோடு வந்த நீரும் வற்ற வேண்டும். 20 முதல் 30 நிமிடம் அடிப்பாகம் தொட்டுத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பதம் பார்க்கும் முறை கடலை மிட்டாய்ப் பாகுக்குப் பார்ப்பதேதான். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுங்கள். முதலில் விரலில் உருளும், பிறகு ரப்பர்போல வளையும். மடக்கினால் ‘டக்’ என்று முறிய வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டக் கூடாது. வெப்பமானியில் 140 டிகிரி அளவில் இருக்கும்.

இந்தப் பதம் தவறினால் பின்னால் எதனாலும் சரிக்கட்ட முடியாது. பாகு இளகலாக நின்றால் மிக்ஸி பிளேடில் மிட்டாயாகச் சுற்றிக்கொள்ளும். அளவு மீறினால் தேன் கருகிக் கசக்கும், ஏனென்றால் தேனில் உள்ள பழச்சர்க்கரை சாதாரணச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும். வீட்டில் மேலே சொன்ன அளவைப் பாதியாகக் குறைக்காதீர்கள். பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலமாகப் பாகு நின்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும்.

படி 4: பாதாம் சேர்த்தல்

சூடான பாதாமைக் கொட்டி இரண்டு நிமிடம் புரட்டி, பேக்கிங் தாளில் பரப்புங்கள். அலிகாந்தே வகைதான் வேண்டுமென்றால் இங்கேயே நின்றுவிடலாம். அதற்குப் பாதாமை முன்பே ஐந்து நிமிடம் குறைத்து வறுத்திருக்க வேண்டும், எதையும் நறுக்கியிருக்கக் கூடாது. மாவுத்தாள் விரித்த அச்சில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு அமுக்கி, மேலேயும் ஒரு தாளை ஒட்டி, முழுவதும் ஆறுமுன் கத்தியால் கீறிவிடுங்கள். ஆறிய பிறகு சுத்தியல்தான்.

படி 5: அரைத்தல்

குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறட்டும். உள்சூடு இருக்கும்போது அரைத்தால் பிசினாகும். ஆறியதை உடைத்து, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், 20 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஈரமணல்போல் திரளும், கடைசியில் எண்ணெய் விட்டு வழியத் தொடங்கும். ஈரமணல் கட்டத்தில்தான் பலரும் பொறுமையிழந்து ஒரு கரண்டி தண்ணீரோ பாலோ விடுகிறார்கள். விட்டால் அவ்வளவுதான்: சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு விழுது கல்லாக இறுகும். நிறுத்தி, பக்கங்களை வழித்துவிட்டு, மறுபடி அரையுங்கள். எண்ணெய் வந்தே தீரும்.

கல் வெட் கிரைண்டர் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கோயம்புத்தூர்க் கல் கிரைண்டர்களைச் சிறு அளவில் சாக்லேட் செய்பவர்கள் வெளிநாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய்ச் சத்துள்ள விழுதுக்கும் அது பொருந்தும். மிக்ஸியில் வழியும் பதம்வரை கொண்டுவந்து, துளி ஈரமில்லாத கிரைண்டரில் 20 நிமிடம் ஓட்டினால் போதும். அதற்கு மேல் ஓட்டி வெண்ணெயாக்க வேண்டாம். நல்ல ஹிஹோனாவில் நாக்கில் லேசான நெறுநெறுப்பு தட்டுப்பட வேண்டும்.

படி 6: பொயிஷெட் வேலை

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் அகலக் கிண்ணத்தை வைத்து, விழுதை அதில் போட்டு மரக்கரண்டியால் அடித்துக் கிண்டுங்கள். கிண்ணத்துக்குள் ஆவித்துளி சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுதின் சூடு 70 டிகிரி அளவில் இருந்தால் சரி.

முதல் பத்து நிமிடம் இன்னும் நெகிழும், மேலே எண்ணெய் மிதக்கும். பயந்துவிடாதீர்கள். சூட்டில் பாகுத் துகள்கள் இளகி, பாதாமிலும் முட்டையிலும் உள்ள புரதத்தோடு சேர்ந்து எண்ணெயைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். 25 முதல் 30 நிமிடத்தில் கரண்டி கனக்கும், விழுது கிண்ணத்தின் ஓரத்தை விட்டு ஒரு மொத்தையாகத் திரளும். மினுமினுப்பு இருக்க வேண்டும், எண்ணெய் குட்டையாகத் தேங்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் நறுக்கிவைத்த 50 கிராம் பாதாமைச் சேர்த்து இறக்குங்கள். சில வீடுகளில் சிட்டிகைப் பட்டைத்தூளும் எலுமிச்சைத் தோல் துருவலும் போடுவார்கள். நல்ல தேனும் நல்ல பாதாமும் இருந்தால் தேவையில்லை என்பேன்.

படி 7: அச்சும் பாரமும்

தாள் விரித்த அச்சில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அமுக்கி நிரப்புங்கள். மேலே இன்னொரு தாள், அதன் மேல் அட்டை, அதன் மேல் ஒன்றிரண்டு கிலோ பாரம். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். தாளில் எண்ணெய் ஊறும், துடைத்துவிட்டு வெட்டலாம். அன்றே வெட்டினால் உதிரும்.

காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊர்களில், குறிப்பாக மழை நாளில், இதைத் தொடங்காதீர்கள். தேன் ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பு பிசுபிசுக்கும். வெட்டிய துண்டுகளைத் தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால், டப்பா அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் மேலே நீர் கோர்க்கும்.

கடையில் வாங்கும்போது

ஸ்பெயினில் துர்ரோனின் தரம் பாதாமின் அளவை வைத்துச் சட்டப்படி பிரிக்கப்பட்டிருக்கிறது. ஹிஹோனா வகையில் ‘சுப்ரேமா’ என்றால் குறைந்தது 64 சதவீதம் பாதாம், ‘எக்ஸ்ட்ரா’ 50, ‘எஸ்தாந்தார்’ 44, ‘போபுலார்’ 34. அலிகாந்தே வகையில் முறையே 60, 46, 40, 30. அட்டையில் எவ்வளவு பொன்னிறம் பூசியிருந்தாலும் இந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும். ஹிஹோனா, அலிகாந்தே இரண்டுக்கும் 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு உண்டு. உண்மையானதில் ஒழுங்குமுறை மன்றத்தின் முத்திரை இருக்கும். உறைக்குள் எண்ணெய் கசிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். பாதாம் நிறைய இருப்பதற்கு அதுவே அடையாளம். பிரித்ததும் துளி எண்ணெய்கூட இல்லாமல் காய்ந்து, அதிக வெளுப்பாக இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளுக்கு

பொடிந்ததும் ஓரம் வெட்டியதுமாகக் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். ஹிஹோனாக்காரர்களின் இரண்டு தொழிலும் ஒன்றுசேரும் துர்ரோன் ஐஸ்கிரீமுக்கு அதுவே போதும். 200 கிராம் துர்ரோனை 400 மில்லி பாலில் போட்டுச் சிறுதீயில் கரைத்து, ஆறவிட்டு மிக்ஸியில் ஓட்டுங்கள். 200 மில்லி கிரீமைச் சேர்த்து நன்கு குளிரவைத்த பிறகு உறையவிடுங்கள். இயந்திரம் இல்லாவிட்டால் முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கலக்கிவிட வேண்டும். துர்ரோனிலேயே தேனும் சர்க்கரையும் இருப்பதால் தனியாக இனிப்புச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திகட்டுவதோடு சரியாக உறையவும் செய்யாது.